ஓ.டி. உண்டா?

தாய்லாந்து மொழியில் வணக்கத்துக்கு அடுத்தபடியாக நான் கற்றுக்கொண்ட வாசகம் "மீ ஓ-தீ மை?" (தாய் மொழி என்று எழுதினால் தாய்மொழியோடு குழம்பும், அதனால் இப்படியே எழுதுகிறேன்.) 'ஓ.டி. உண்டா?' என்று பொருள். ஓ.டி. என்றால் ஓவர்டைம், ஷிப்ட் முடிந்த பிறகு பார்க்கும் கூடுதல் நேர வேலை. தினமும் மதியம் மூன்று மணி ஆனால் தொழிற்சாலையின் உற்பத்தி லைனில் யாராவது ஒருவர் சிரித்துக்கொண்டே என்னிடம் இதைக் கேட்பார். உண்டு என்றால் அந்தச் சிரிப்பு லைன் முழுக்கப் பரவும். இல்லை என்றால் "மை பென் ராய்", பரவாயில்லை என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்வார்கள். அந்தப் 'பரவாயில்லை'யை நான் அப்படியே நம்பினேன். எனக்கு ஒன்பது மாதப் பாடம் தேவைப்பட்டது.

2013 பிப்ரவரியில் ஓசூரிலிருந்து உற்பத்தித்திறன் வேலைக்காகத் தாய்லாந்து போனேன். ரயோங் மாகாணத்தில் ப்ளுவாக் டேங் என்ற ஊர்ப்பக்கம், கார்களுக்குத் தகரப் பாகங்கள் அடித்துத் தரும் தொழிற்சாலை. கிழக்குக் கடற்கரைத் தொழிற்பேட்டைகள் எல்லாம் ரயோங்கிலும் பக்கத்துச் சோன்புரியிலும் வரிசையாக இருக்கின்றன. நடுவே போ வின் மாதிரி ஊர்கள்: சந்தை, வாடகை அறைக் கட்டடங்கள், பைக் தவணைக் கடைகள், ஷிப்ட் பஸ்கள். நம் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பார்த்தவர்களுக்கு அந்நியமாக இருக்காது. இரண்டு வருட ஒப்பந்தம் என்று போனவன் ஆறு வருடத்துக்கு மேல் இருந்துவிட்டேன்.

லைனில் பாதிக்கு மேல் பெண்கள். பெரும்பாலும் ஈசான் பகுதியிலிருந்து வந்தவர்கள். ஈசான் என்றால் நாட்டின் வடகிழக்கு. நம் ஊரில் வீடு கட்டும்போது ஈசானிய மூலை என்கிறோமே, அதே சொல்தான். நெல் வயலும் வறட்சியும் கடனும் உள்ள பகுதி. குழந்தையை ஊரில் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்து தகரம் அடிக்கும் பிரஸ் இயந்திரம் ஓட்டுகிற பெண்கள் எங்கள் ஷிப்டிலேயே பலர் இருந்தார்கள்.

மூத்தவர்களைப் பெயருக்கு முன்னால் 'அக்கா, அண்ணன்' என்ற பொருளில் ஒரு சொல் சேர்த்து அழைக்க வேண்டும். அந்தச் சொல் தமிழ்க் காதில் எப்படி விழும் என்று இங்கே எழுத முடியாது. 'பி' என்று தொடங்கும், நெடிலில் முடியும், ஊகித்துக்கொள்ளுங்கள். முதல் மாதம் அதைச் சொல்ல வாயே வரவில்லை. சொல்லாமல் வெறும் பெயரைச் சொன்னதால் திமிர் பிடித்தவன் என்று பெயர் வாங்கினேன். அப்புறம் பழகிவிட்டது. எங்கள் லைன் லீடரை இங்கே அக்கா என்றே சொல்கிறேன். சி சா கேட் மாகாணத்துக்காரர், அப்போது 29 வயது, என்னைவிட ஒரு வயது பெரியவர். முன்பு அயுத்தயாவில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் இருந்தார். 2011 வெள்ளத்தில் அயுத்தயா, பதும் தானி பக்கம் ஏழு தொழிற்பேட்டைகள் மூழ்கியபோது அவருடைய வேலையும் மூழ்கியது. 2012 பிப்ரவரியில் இங்கே வந்து சேர்ந்திருக்கிறார்.

நான் போன சமயம் ஆர்டர் தலைக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது. முதல் கார் வாங்குபவருக்கு 1 லட்சம் பாட் வரை வரியைத் திருப்பித் தரும் திட்டம் ஒன்றை அரசு 2012 முடிவு வரை நடத்தியது. அதில் பதிவான வண்டிகளை 2013 முழுக்க அடித்துத் தள்ளினார்கள். காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை ஷிப்ட், அரை மணி இடைவேளை, பிறகு ஐந்தரை முதல் எட்டு வரை ஓ.டி. மாதத்தில் இரண்டு ஞாயிறும் வேலை. இரவு ஷிப்டும் அதே மாதிரி. களைத்த முகங்களைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கும். ஓசூரில் கற்ற வித்தையை எல்லாம் இறக்கினேன். பிரஸ்ஸில் பொருத்தும் அச்சான டையை மாற்றும் நேரத்தைக் குறைத்தேன், வேலைகளை மறுபடி பங்கிட்டேன், நடையைக் குறைத்தேன். அக்டோபரில் எங்கள் லைன் எட்டு மணி நேரத்திலேயே அன்றைய எண்ணிக்கையை முடித்தது. ஓ.டி. பூஜ்யம். இரவு ஷிப்டே தேவையில்லை என்று ஆனது. மேலதிகாரி கை கொடுத்தார். 'இவர்களுக்குச் சாயங்காலத்தை மீட்டுக் கொடுத்துவிட்டேன்' என்று உள்ளுக்குள் எனக்குப் பெருமை வேறு.

நவம்பரில் நாலு பேர் நின்றுவிட்டார்கள். டிசம்பர் போனஸ் வாங்கிய கையோடு இன்னும் ஏழு பேர். யாரும் குறை சொல்லவில்லை, சண்டை இல்லை. காரணம் கேட்டால் "அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, ஊருக்குப் போகிறேன்" என்பார்கள். ஒரு வாரம் கழித்து அவர்களில் ஒரு பையனைப் பக்கத்துக் கம்பெனியின் சீருடையில் போ வின் சந்தையில் பார்த்தேன். கும்பிட்டுவிட்டு, வெட்கப்பட்டுச் சிரித்தான். அந்த ஊர் சாலையோரம் எல்லாம் 'ஆட்கள் தேவை, அவசரம்' என்று பலகைகள் நிற்கும். அவற்றில் சம்பளத்தைவிடப் பெரிய எழுத்தில் இருப்பது 'ஓ.டி. நிறைய உண்டு' என்பதுதான். அதுவரை அந்தப் பலகைகளை நான் எச்சரிக்கை என்று படித்துக்கொண்டிருந்தேன்! அது விளம்பரம்.

அக்காவிடம் நேராகக் கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. மறுநாள் கேன்டீனில் இரண்டு சம்பளச் சீட்டுகளை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். அதே லைனில் வேலை செய்த அவருடைய தங்கையின் சீட்டுகள். ஒன்று ஆகஸ்ட், ஒன்று நவம்பர்.

அந்த ஆண்டு ஜனவரி 1 முதல் நாடு முழுக்கக் குறைந்தபட்சக் கூலி நாளுக்கு 300 பாட். அன்றைய மதிப்பில் நம் பணம் 600 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. தினக்கூலி என்பதால் வாராந்திர விடுமுறைக்குக் கூலி கிடையாது. 26 நாளுக்கு 7,800. இதுதான் அடிப்படை. ஆகஸ்ட் சீட்டில் இதற்குக் கீழே மற்ற வரிகள். எட்டு மணிக்கு 300 என்றால் மணிக்கு 37.50. ஓ.டி.க்கு ஒன்றரை மடங்கு, அதாவது 56.25. 55 மணி நேரத்துக்கு 3,093. இரண்டு ஞாயிறு இரட்டைக் கூலி, 1,200. இரவு ஷிப்ட் படி நாளுக்கு 60 வீதம் 13 நாள், 780. லீவு போடாததற்கு 'பியா கயான்', அதாவது சுறுசுறுப்புப் படி, 600. அறை வாடகைப் படி 800. மொத்தம் 14,273.

நவம்பர் சீட்டில் மூன்றே வரி. 7,800, 600, 800. மொத்தம் 9,200. இதிலும் சமூகப் பாதுகாப்பு நிதிக்கு ஒரு பிடித்தம்.

5,000 பாட்டுக்கு மேல் காணாமல் போயிருந்தது. மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம். அக்கா ஒரு டிஷ்யூ பேப்பரில் தங்கையின் செலவை எழுதினார். அறைக்கும் கரண்டுக்கும் 2,200, பைக் தவணை 2,100, ஊரில் அம்மாவுக்கும் குழந்தைக்கும் 3,500, சாப்பாட்டுக்கு 3,000. கூட்டினால் 10,800. "உங்களுக்கு யாரும் சொல்ல மாட்டார்கள்" என்றார். அதற்கு அவர்கள் மொழியில் 'க்ரெங் ஜை' என்று ஒரு சொல் இருக்கிறது. மற்றவருக்குச் சங்கடம் தரக்கூடாதே என்ற தயக்கம். எதிரில் நிற்பவன் முதலாளி பக்கத்து ஆள் என்றால் இந்தத் தயக்கம் இரட்டிப்பாகும்.

எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. நான் செய்த வேலையில் தவறு இல்லை, கணக்கில்தான் தவறு. மிச்சமான மணி நேரங்களின் பணம் முழுக்கக் கம்பெனிக்குப் போனது. அந்த மிச்சத்தைக் கையால் செய்து காட்டியவர்களுக்கு அதில் ஒரு பைசா வரவில்லை. தொழிற்சாலையில் உற்பத்தித்திறன் வேலை பார்க்கும் நம் பையன்களுக்கு நான் சொல்லும் முதல் விஷயம் இதுதான்: ஸ்டாப்வாட்ச்சைக் கையில் எடுக்கும் முன் அந்த லைனின் சம்பளச் சீட்டு ஒன்றைப் படித்துப் பாருங்கள். எந்த வரி எதனால் ஏறும், எதனால் இறங்கும் என்று தெரியாமல் ஒரு நிமிடத்தைக்கூடக் குறைக்காதீர்கள்.

மேலதிகாரிகளிடம் போய்ப் பேசினேன். முதலில் "சட்டப்படி 300 கொடுக்கிறோமே" என்ற பதில்தான் வந்தது. ஆள் போய்ப் புது ஆள் வந்தால் வீணாகும் பாகம், பயிற்சிக்கு ஆகும் நாள் என்று எல்லாவற்றையும் பணமாக்கிக் காட்டிய பிறகுதான் காது கொடுத்தார்கள். மூன்று பிரஸ்ஸை ஓட்டத் தெரிந்தவருக்கு நாளுக்கு 15 பாட் நிரந்தரத் திறன் படி, இருக்கிற கொஞ்சம் ஓ.டி.யை எல்லா லைன்களுக்கும் முறை வைத்துப் பங்கிடுவது என்று முடிவானது. பெரிய வெற்றி என்று சொல்ல மாட்டேன். போனவர்கள் திரும்பி வரவில்லை. இருப்பவர்கள் போவது குறைந்தது.

அந்தத் திறன் படியை ஓ.டி. கணக்கில் சேர்க்காமல் நிரந்தரமாக வாங்கியதற்குக் காரணம் அக்காதான். ஓ.டி. பணம் கைக்கு வரும், ஆனால் வேறு எந்தக் கணக்கிலும் ஏறாது என்று விளக்கினார். தாய்லாந்தில் சமூகப் பாதுகாப்பு நிதிக்குக் கூலியில் 5 சதவீதம் பிடிப்பார்கள், கம்பெனியும் அதே அளவு போடும். இதற்கு எடுத்துக்கொள்வது சாதாரண வேலை நேரக் கூலியை மட்டுமே. வேலையை விட்டு நீக்கினால் தரும் இழப்பீட்டுக்கும் அதே கூலிதான் கணக்கு. ஆர்டர் இல்லாமல் தொழிற்சாலையைத் தற்காலிகமாக மூடினால் கூலியில் 75 சதவீதம் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. 14,000 சம்பாதித்துப் பழகியவருக்கு 7,800இல் முக்கால் பங்கு என்றால் 5,850.

2014இல் அதுவும் நடந்தது. முதல் கார் திட்டத்தின் வேகம் தணிந்தது. 2013இல் நாட்டில் சுமார் 24.5 லட்சம் வண்டிகள் தயாரானது, 2014இல் 18.8 லட்சமாகச் சரிந்தது. போதாததற்கு மே 22 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்து இரவு பத்து மணி முதல் ஊரடங்கு போட்டது. ஷிப்ட் தொழிலாளர்களுக்கு விலக்கு இருந்தது. ஆனாலும் முதல் இரண்டு நாள் பஸ்ஸுக்குள் எல்லோரும் அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடியே வந்தார்கள். சரி, ஊரடங்கு சில வாரத்தில் போய்விட்டது. போன ஓ.டி. திரும்ப ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. வாடகை அறைக் கட்டடங்களில் 'அறை காலி' பலகைகள் தொங்கின. தவணை கட்டாத பிக்கப் வண்டிகளை நிதிக் கம்பெனி ஆட்கள் ஓட்டிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன்.

நம் நாட்டுச் சட்டத்தில் ஓ.டி.க்கு இரட்டைக் கூலி. தாய்லாந்தில் சாதாரண நாளில் ஒன்றரை, விடுமுறை நாளில் கூடுதல் நேரம் செய்தால் மூன்று மடங்கு. வாரத்துக்கு 36 மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஒவ்வொரு முறையும் தொழிலாளியின் சம்மதம் வேண்டும். இந்தச் சம்மதக் கையெழுத்தைக் காலையிலேயே மொத்தமாக வாங்கி வைப்பது வழக்கம். கையெழுத்துப் போட யாரும் தயங்கியது இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இரவு ஷிப்டுக்குத் தனியாகப் படி தர வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. அது கம்பெனி மனசு வைத்துத் தருவது. அதனால் அந்த வேலைக்குப் போகிறவர்கள் சேரும்போதே கேட்டுவிட வேண்டிய கேள்வி அது.

அந்தச் சுறுசுறுப்புப் படியைப் பற்றி எனக்குத் தீராத கோபம் உண்டு. ஆண்டுக்கு 30 வேலை நாள் வரை காய்ச்சல் லீவுக்கு முழுக் கூலி தர வேண்டும் என்கிறது சட்டம். ஆனால் ஒரு நாள் லீவு எடுத்தாலும் அந்த மாதத்துப் படி போய்விடும். கணக்குப் போடுங்கள்: காய்ச்சல் வந்து ஒரு நாள் படுத்தால் 300 கிடைக்கும், 600 போகும். இதோடு விடுவதில்லை. மூன்று மாதம் தொடர்ந்து லீவே போடாவிட்டால் படி ஏறும், ஒரு நாள் தவறினால் முதல் படிக்கு இறங்கும், பரமபதம் மாதிரி. விளைவு, 102 டிகிரிக் காய்ச்சலோடு மாத்திரை போட்டுக்கொண்டு பிரஸ் முன்னால் வந்து நிற்பார்கள்.

அப்படி நின்ற ஒரு பையனுக்கு 2015இல் விரல் போனது. இடது கை ஆள்காட்டி விரலின் நுனி. இரண்டு கைகளாலும் இரண்டு பொத்தான்களை அழுத்தினால்தான் பிரஸ் இறங்க வேண்டும். வேகத்துக்காக ஒரு பொத்தானை டேப் ஒட்டி அமுக்கி வைத்திருந்தார்கள். யார் ஒட்டியது என்று யாரும் சொல்லவில்லை. என் கண்ணில் அது முன்பே பட்டிருக்க வேண்டும். நான் தினமும் அந்த வழியாகத்தான் நடந்தேன், என் பார்வை எண்ணிக்கைப் பலகையில் இருந்தது.

அந்தப் பையன் 'சப்' ஆள். சப் என்பது கான்ட்ராக்ட் தொழிலாளி. வேலை எங்களோடு, சம்பளச் சீட்டு வேறு கம்பெனி பெயரில், தொப்பியின் நிறம் வேறு. ஆஸ்பத்திரியில் அவன் படுத்திருக்கும்போது எங்கள் எச்.ஆர். கான்ட்ராக்டரைக் கைகாட்டியது, கான்ட்ராக்டர் "லீடரிடம் விசாரித்துவிட்டுச் சொல்கிறேன்" என்றார். வேலையில் விபத்து நடந்தால் 15 நாளுக்குள் இழப்பீட்டு நிதி அலுவலகத்துக்குப் படிவம் போக வேண்டும். பன்னிரண்டாவது நாள் வரை போகவில்லை. அக்காதான் ஒரு விடுப்பு நாளில் அந்தப் படிவத்தை நிரப்பி, கான்ட்ராக்டர் அலுவலகத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து முத்திரை வாங்கினார். அந்த லீவுக்கு அவருடைய சுறுசுறுப்புப் படி போனது.

அதிலிருந்து நான் கடைப்பிடித்த வழக்கம்: விபத்து நடந்த அன்றே, இரத்தம் துடைக்கும் முன்பே என்றுகூடச் சொல்லலாம், இயந்திரத்தை நாலு பக்கமும் படம் எடுத்து, தேதி நேரம் சாட்சி எழுதி வைத்துவிடுவேன். நாளாக ஆக எல்லோருக்கும் ஞாபகம் மங்கும், டேப் காணாமல் போகும். கான்ட்ராக்ட் ஆளாக இருந்தாலும், அவர் செய்யும் வேலை உற்பத்தியின் ஒரு பகுதி என்றால், இடம் தரும் கம்பெனியும் அவருக்கு முதலாளிதான் என்கிறது 2008இல் திருத்திய தாய்லாந்துத் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம். நேரடி ஆட்களுக்குச் சமமான சலுகை தர வேண்டும், பேதம் கூடாது என்றும் சொல்கிறது. ஆனால் வருடக் கடைசி விருந்தில் குலுக்கல் சீட்டு நேரடி ஆட்களுக்கு மட்டும்தான் கொடுத்தார்கள். டி.வி., ஃபிரிட்ஜ், ஒரு மோட்டார் சைக்கிள் எல்லாம் மேடையில். சப் ஆட்கள் கடைசி மேசைகளில் உட்கார்ந்து மற்றவர்களுக்குக் கை தட்டினார்கள். போனஸும் அப்படித்தான். பெரிய வண்டிக் கம்பெனிகளில் ஐந்து மாதம், ஆறு மாதச் சம்பளம் போனஸ் என்று டிசம்பரில் பேப்பரில் செய்தி வரும். அந்த மாதங்கள் சப் ஆட்களின் நாள்காட்டியில் கிடையாது.

இன்னொரு எண் 119. தொடர்ந்து 120 நாள் வேலை செய்தவரை நீக்கினால் 30 நாள் கூலி இழப்பீடு தர வேண்டும். அதனால் தகுதிகாண் காலம் 119 நாள். நூறாவது நாள் வாக்கில் எச்.ஆர். ஒரு பட்டியல் அனுப்பும், யார் வேண்டாம் என்று நான் டிக் அடிக்க வேண்டும். ஆர்டர் குறைந்த மாதங்களில் டிக்குகள் அதிகம் வேண்டும் என்று வாய்மொழியாகச் சொல்வார்கள். நானும் அடித்திருக்கிறேன். நன்றாக வேலை செய்த ஒரு பெண்ணின் பெயருக்கு நேராக 'வேகம் போதாது' என்று எழுதியது இன்னும் உறுத்துகிறது.

சங்கம் இல்லையா என்று ஊரில் கேட்பார்கள். பெரிய கார் கம்பெனிகளில் உண்டு, போனஸ் பேச்சுவார்த்தை சூடாகவே நடக்கும். பத்துப் பேர் சேர்ந்தால் பதிவு செய்யலாம் என்கிறது 1975ஆம் ஆண்டுச் சட்டம். அந்தப் பத்துப் பேரும் தாய்லாந்துக் குடிமக்களாக இருக்க வேண்டும். சமுத் சாகோனில் இறால், மீன் பதப்படுத்தும் ஆலைகளை நடத்துவதே பர்மியத் தொழிலாளர்கள்தான். குறைந்தபட்சக் கூலி சட்டப்படி அவர்களுக்கும் ஒன்றே, சங்கத்தில் சேரலாம். ஆனால் சொந்தமாகச் சங்கம் தொடங்க முடியாது. எங்கள் தொழிற்சாலையில் சங்கம் பற்றிப் பேச்சு எடுத்த இருவர் மூன்று மாதத்துக்குள் வேறு கிளைக்கு மாற்றப்பட்டார்கள். காரணம் என்று ஒன்று காகிதத்தில் இருந்தது.

மே 10 அங்கே தேசியப் பணியிடப் பாதுகாப்பு நாள். 1993இல் அந்தத் தேதியில் நகோன் பாதோமில் கேடர் பொம்மைத் தொழிற்சாலை எரிந்து 188 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் இளம்பெண்கள். தீ தாங்கும் பூச்சு இல்லாத இரும்புத் தூண்கள் சூட்டில் வளைந்து கட்டடமே சரிந்தது. வெளியேறும் வழிகள் பூட்டிக் கிடந்தன. வருடா வருடம் அன்று காலை தேசிய கீதம் முடிந்ததும் ஒரு நிமிடம் மௌனமாக நிற்போம். 2016இல் அப்படி நின்று முடித்த கையோடு பின்பக்க அவசரக் கதவைத் தள்ளிப் பார்த்தேன். வெளியே அட்டைப்பெட்டிகள் அடுக்கி வைத்திருந்தார்கள், கதவு கால் பாகம்தான் திறந்தது. அன்றிலிருந்து வாரம் ஒரு முறை எல்லா அவசரக் கதவுகளையும் என் கையால் தள்ளிப் பார்ப்பேன். இங்கே வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. சினிமா தியேட்டரில்கூடத் தள்ளிப் பார்த்து வாட்ச்மேனிடம் திட்டு வாங்கியிருக்கிறேன்.

அங்கே வேலைக்குப் போகும் நம்மவர்கள் பெரும்பாலும் மேற்பார்வை, பொறியாளர் வேலைக்குத்தான் போகிறார்கள். அவர்களுக்கு இன்னும் ஓரிரண்டு. ஆள் முன்னால் குரல் உயர்த்தாதீர்கள். ஓசூர் ஷாப் ஃப்ளோரில் கத்துவது சகஜம், மதியம் டீ குடித்தால் சரியாகிவிடும். அங்கே நான் ஒருவரை லைன் நடுவே கத்தியபோது அவர் சிரித்தார். ஒத்துக்கொள்கிறார் என்று நினைத்தேன். மறுநாள் முதல் அவர் வரவே இல்லை. எதையும் தனியாக, உட்கார்ந்து, மூத்தவர் ஒருவரை வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 13 முதல் 15 வரை சோங்க்ரான். நம் சித்திரை ஒன்றின் சமயம்தான். தொழிற்பேட்டையே காலியாகும், பிக்கப்பின் பின்னால் பத்துப் பேர் உட்கார்ந்து ஈசானுக்குப் போவார்கள். அந்த வாரத்துக்கு உற்பத்தித் திட்டம் போடுகிறவன் ஏமாளி. அதற்கு அடுத்த வாரத்துக்கு முழுத் திட்டம் போடுகிறவனும் ஏமாளிதான். நடவுக்காலம், அறுவடை, வீட்டுப் பெரியவரின் சாவு, இவை எல்லாம் லீவு விண்ணப்பத்தில் முன்கூட்டி வராது. ஐந்து பேருக்கு இரண்டு பேராவது எல்லா இயந்திரத்தையும் ஓட்டப் பழக்கி வைத்தால் இந்தத் தலைவலி பாதியாகும்.

300 பாட் கூலி 2016 முடியும் வரை அசையவில்லை. நாலு வருடத்தில் அரிசியும் அறை வாடகையும் அசைந்தன. பிறகு 2018 ஏப்ரலில் ரயோங், சோன்புரியில் 330 ஆனது. 2019இல் நான் ஊர் திரும்பினேன். அக்காவோடு செயலி வழியாகப் பேச்சு தொடர்ந்தது. 2022இல் 354, 2024இல் 361 என்று ஒவ்வொரு உயர்வுக்கும் ஒரு ஸ்டிக்கர் அனுப்புவார். 2025 ஜனவரி 1 முதல் ரயோங், சோன்புரி, சச்சோங்சாவ், புக்கெட் ஆகிய மாகாணங்களிலும் சமுய் தீவிலும் 400. மணிக்கு 50, ஓ.டி. மணிக்கு 75. வாழ்த்துச் சொன்னேன். "கூலி ஏறிவிட்டது, வேலை இறங்கிவிட்டது" என்று பதில் வந்தது. 2024இல் நாட்டின் வண்டி உற்பத்தி 15 லட்சத்துக்கும் கீழே போயிருந்தது. வங்கிகள் கடன் கொடுக்கத் தயங்கின, சீன மின்சாரக் கார்கள் வரிசையாக வந்தன, தகரம் அடிக்கும் எங்கள் மாதிரிப் பழைய தொழிற்சாலைகளில் ஷிப்டுகள் ஒவ்வொன்றாக நின்றன.

2025 நடுவில் ஒரு காகிதத்தின் படம் அனுப்பினார். லைனை மூடுகிறார்கள், கணக்குச் சரியா என்று பார்த்துச் சொல்லச் சொன்னார். பத்து வருடத்துக்கு மேல், இருபதுக்குக் கீழே வேலை செய்தவருக்கு 300 நாள் கூலி. அக்காவின் நாள் கூலி 512. மொத்தம் 1,53,600 பாட். கணக்குச் சரியாகத்தான் இருந்தது. பதின்மூன்று வருடத்தில் அவர் எத்தனை ஆயிரம் மணி நேரம் ஓ.டி. செய்திருப்பார் என்று மனசுக்குள் கூட்டிப் பார்த்து, பாதியில் விட்டுவிட்டேன். அது எந்த வரியிலும் இல்லை. "சரியாக இருக்கிறது" என்று மட்டும் எழுதினேன்.

இரண்டு வாரம் கழித்து இன்னொரு படம். வேறு ஒரு தொழிற்சாலை வாசலில் ஆட்கள் தேவை என்ற பலகை. மஞ்சள் எழுத்தில் 'ஓ.டி. நிறைய உண்டு'. அதற்கு மேல் வரியில் சின்ன எழுத்தில் 'வயது 18 முதல் 35 வரை'. அக்காவுக்கு 41.